கிரீஸ் பட்டை

போன வருஷம் பங்குனியில் எங்கள் புங்கமரத்தை வெட்ட ஆள் வந்தது. எங்கள் மரம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அது நிற்பது ரோட்டுப் புறம்போக்கில், அடி அண்ணாமலையைத் தாண்டி கிரிவலப் பாதையின் இடது ஓரத்தில். அதன் நிழலில் ஒரு பக்கம் என் பஞ்சர் கடை, மறு பக்கம் என் மனைவி ரேணுகாம்பாளின் இட்லி வண்டி. தகரம் கிடையாது, தார்ப்பாய் கிடையாது. இருபத்து மூன்று வருடமாக எங்களுக்குக் கூரை அந்த மரம்தான். அது போனால் எங்கள் இருவர் பிழைப்பும் வெயிலில் காய வேண்டியதுதான்.

மரம் செய்த குற்றம் புழு. அந்தப் பங்குனியில் இலை தெரியாத அளவுக்குக் காவடிப் புழு வைத்தது. முதுகைத் தூக்கித் தூக்கி நடக்குமே, அந்தப் புழு. இலையைத் தின்று தீர்த்ததும் ஒவ்வொன்றும் ஒரு நூலை விட்டுக்கொண்டு கீழே இறங்கும். அப்படி இறங்கிய ஒன்று, பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் தட்டில் நேராகச் சட்னியில் குதித்தது. அவர்கள் சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர்கள் செல்போனில் படம் பிடித்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் ரோடு ஆபீஸ் சூப்பர்வைசர் ராமதாஸ், ரம்பத்தோடும் இரண்டு ஆட்களோடும் வந்து இறங்கினார்.

"கிரிவலம் வர்றவங்க தலையில புழு கொட்டுதுன்னு மேல வரைக்கும் கம்ப்ளைண்ட் போயிருச்சு காசி. நான் இன்னா பண்றது?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். முதல் வெட்டு என்மேல் விழட்டும் என்று மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். ரம்பக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தானே தவிர வேறு பலன் இல்லை. ரேணுகாதான் ஒரு ஸ்டூலைப் போட்டு ராமதாஸை உட்கார வைத்து, தட்டில் இரண்டு வடையை வைத்துக் கேட்டாள்.

"ஒரு வருசம் குடுங்க சார். அடுத்த பங்குனில புழு இருந்தா நாங்களே கயிறு கட்டி இழுக்கறோம்."

ராமதாஸ் வடையை மென்றுகொண்டே மேலே பார்த்தார். எலும்பாக நின்ற மரத்தைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சரிம்மா. அடுத்த பங்குனில வந்து இதே எடத்துல உக்காந்து டிபன் சாப்பிடுவேன். தட்டுல ஒரு புழு உழுந்துச்சுன்னா மறுநாள் ரம்பம். அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாய்தா வாங்கியாகிவிட்டது. புழுவை எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியாது. மருந்தடிக்கலாம் என்றால் கீழே இட்லிப் பானை. மழையில் மரம் மறுபடி தழைத்தது.

நடுவில் வீட்டில் ஒரு நல்ல சேதி. போளூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் சினேகா முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி நாலு வருடம். இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை ரேணுகாவின் கட்டுப்பாடு ஜாஸ்தி. மருமகனுக்குப் போன் போட்டு, "மாப்ள, பல்லியக்கூட அடிக்காதீங்க. புள்ளத்தாச்சி இருக்கற வூட்டால ஒரு உசுரு போகக்கூடாது" என்பாள். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். கறி நின்றது. கொசுவைக்கூடத் துண்டால் விசிறி விரட்டத்தான் எனக்கு அனுமதி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சோறு போடுகிறவள் சொல்கிறாள் என்று தலையாட்டி வைத்தேன்.

கார்த்திகை பிறந்து குளிர் விழத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை கீதாஞ்சலி என்ற பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேளாண்மை ஆபீஸில் வேலை. வேர்க்கடலைப் பயிரைப் பார்க்க ஊர் ஊராகப் போகிறவள். நான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருக்க, அவள் என் கடைக்குப் பின்னால் இருந்த காம்பவுண்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுண்ணாம்புச் சுவரில் ஏழெட்டு அந்துப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சாணி நிறத்தில் மொழுக்கென்று, ஒன்று குறுக்கே கருப்புப் பட்டை போட்டுக்கொண்டு, ஒன்று ரவை தூவினாற்போல் புள்ளி புள்ளியாக. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. நான் ஏழெட்டு வகைப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

"எல்லாம் ஒரே பூச்சிதாண்ணா," என்றாள் அவள். "எல்லாமே ஆம்பளை. ஒவ்வொன்னும் ஒரு டிசைன்ல இருக்கும்."

"அப்ப பொம்பளை எங்க?"

அவள் மரத்தடிக்குப் போய்க் குந்தி, கொஞ்ச நேரம் பட்டையை உற்றுப் பார்த்தாள். பிறகு ஒன்றை விரலில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மஞ்சளில் கருப்புப் புள்ளி, பருத்த வயிறு, ஆறு கால். சிலந்தி என்று நினைத்து இத்தனை வருடம் நான் துடைப்பத்தால் தள்ளிவிட்ட பூச்சி. றெக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"பொம்பளைக்கு றெக்கை கெடையாது. மண்ணுக்குள்ள இருந்து வரும், நடந்தே மரம் ஏறும், மேல போய் முட்டை வெக்கும். உங்க பங்குனிப் புழு எல்லாம் இதோட புள்ளைங்கதான்."

இட்லி எடுத்துக்கொண்டிருந்த ரேணுகா திரும்பிப் பார்த்தாள். "ஆம்பளைக்கு விதவிதமா றெக்கை, பொம்பளைக்கு ஒன்னுகூட இல்லியா? அப்ப நம்ம ஊர்ப் பூச்சிதான், சந்தேகமே இல்ல" என்றாள்.

கீதாஞ்சலி சிரித்துவிட்டு என்னிடம் சொன்னாள். "பறக்க முடியாது இல்லீங்களா? அதனால நடந்து ஏர்ற வழிய மறிச்சிட்டா போதும். மரத்தச் சுத்திப் பசையா ஏதாவது ஒரு பட்டை போடுங்க. பொங்கல் வரைக்கும் காப்பாத்திட்டீங்கன்னா பங்குனில புழு இருக்காது."

நான் என் கிரீஸ் டப்பாவைப் பார்த்தேன். எட்டு மாதமாக விடையை மடியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். அன்று மத்தியானமே லாரி டியூப் ஒன்றைப் பிளந்து, மார் உயரத்தில் மரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். மரப்பட்டைக்கும் டியூபுக்கும் நடுவில் இடுக்கு இருந்த இடமெல்லாம் களிமண் வைத்து அடைத்தேன். டியூப் மேல் ஒரு சாண் அகலத்துக்குக் கிரீஸை வழித்துப் பூசினேன். பொழுது சாயும் நேரத்தில் பெண் பூச்சிகள் ஏற ஆரம்பித்தன. கிரீஸ் விளிம்புக்கு வந்து, முன்னங்காலை வைத்து, அத்தோடு நின்றன.

மறுநாள் காலை எண்ணினேன். முப்பத்தொன்று. அடுத்த நாள் நாற்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீதாஞ்சலிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ரேணுகாவிடம் போய் இன்னும் பெருமையாகச் சொன்னேன்.

"ஒவ்வொன்னு வயித்துலயும் எரநூறு முந்நூறு முட்டை கீதாம். ஒன்னு ஒட்டிக்கினா முந்நூறு புழு செத்த மாதிரி. நாப்பது இன்ட்டு முந்நூறு, நீயே கணக்குப் பாரு."

அவள் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால் கிரீஸ் பட்டையின் மேல் ஓரிடத்தில், கை அகலத்துக்கு, கீழிருந்து மேல் வரை விபூதி அப்பியிருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. விபூதி ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டு மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. அதன் மேல், தார் ரோட்டில் நடக்கிற மாதிரி ஒரு பெண் பூச்சி நடந்து போய்க்கொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே மேலே ஏறிக் கிளைக்குள் மறைந்துவிட்டது. எனக்கு முன்னால் எத்தனை போயிருக்குமோ!

கிரிவலம் வருகிற சனத்தை உங்களுக்குத் தெரியும். பளபளவென்று எது இருந்தாலும் எண்ணெய்க் காப்பு என்று நினைத்துக்கொள்ளும். மைல் கல்லுக்குப் பொட்டு வைப்பார்கள், டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கு மாலை போடுவார்கள். மரத்துக்குச் செய்யாமல் விடுவார்களா? விபூதியைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி கிரீஸ் பூசினேன். "கிரீஸ் உள்ளது, தொடாதீர்" என்று அட்டையில் எழுதிக் கட்டினேன். அதை ஒரு பெரியவர் எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் எரிகிறது என்று என்னிடமே தண்ணீர் கேட்டார்.

மறுநாளும் விபூதி. அதற்கு மறுநாளும். பகலெல்லாம் நான் காவல் இருக்கிறேன், ஒருத்தரையும் நெருங்க விடுவதில்லை. விடிந்தால் பட்டையில் ஒரு வெள்ளைப் பாதை தயாராக இருக்கிறது. தீபத்தன்று லட்சக்கணக்கில் சனம் நடந்தபோது மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, சக்கரம் கழற்றுகிற லீவரைக் கையில் வைத்துக்கொண்டு பகலும் இரவும் நின்றேன். நாலு பேரோடு வாய்ச்சண்டை, ஒருத்தரோடு கைகலப்பு. "சாமி மரத்தத் தொடக்கூடாதுன்னு சொல்ல நீ யார்யா?" என்று ஒரு சேலத்துக்காரர் என் சட்டையைப் பிடித்தார். எல்லோரும் மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டபோது நான் மரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் பட விடவில்லை. காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பினால், பட்டையில் விபூதி!

அப்போதுதான் எனக்குத் தங்கம்மாள்மேல் சந்தேகம் வந்தது. மரத்துக்குப் பத்தடி தள்ளிச் சாக்கு விரித்துக் கற்பூரமும் விபூதிப் பொட்டலமும் விற்கிறவள். புருஷன் இல்லாதவள், ஒரு வம்புக்கும் போகாதவள். காலையில் அவளும் சீக்கிரம் வந்துவிடுவாள். மரத்துக்கு மகிமை வந்தால் அவளுக்கு வியாபாரம் என்று என் மூளை கணக்குப் போட்டது. நேராகப் போய்க் கத்தினேன்.

"நான் விக்கறதே விபூதி காசி," என்றாள் அவள். "அதைக் கொண்டுபோய் உன் கிரீஸ்ல கொட்டறதுக்கு எனக்கு இன்னா தலையெழுத்தா?"

நியாயமான கேள்வி. ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்குக் காது ஏது? நாளையிலிருந்து இந்த மரத்தடியில் உன்னைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தங்கம்மாள் சாக்கைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். இட்லி வண்டியில் கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. ரேணுகா அதை எடுக்கக் குனிந்தவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

தங்கம்மாள் போன பிறகும் விபூதி நிற்கவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. பொங்கலுக்கு இன்னும் நாலு வாரம். ரம்பத்தின் சத்தம் காதிலேயே இருந்தது. ஒரு நாள் விடியற்காலை, டவுனில் டயர் எடுக்கப் போகிறேன் என்று ரேணுகாவிடம் சொல்லிவிட்டு முன்னால் கிளம்பினேன். டி.வி.எஸ். வண்டியைக் குளத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்து, கடையின் டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எந்தப் பக்திமான் வந்தாலும் அன்றைக்கு அவனுக்குக் கிரிவலம் என் கையால்தான் முடியும் என்று முடிவு செய்திருந்தேன்.

கோயில் மைக்கில் பாட்டுப் போட்டார்கள். கிழக்கு லேசாக வெளுத்தது. ரேணுகா வந்தாள். அடுப்பில் விறகை வைத்தாள், பற்றவைக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரத்திடம் போனாள். கைநிறைய விபூதியைப் பட்டையில் வைத்து, சுவருக்குப் பூசுகிற மாதிரி உள்ளங்கையால் தேய்த்தாள். யாத்திரைக்காரர் வைத்தது போலத் தெரிய வேண்டுமென்று நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். பிறகு ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, கிரீஸில் ஒட்டிக் கிடந்த ஒன்றின் காலை ஒவ்வொன்றாக நெம்பி விடுவிக்கத் தொடங்கினாள்.

"ரேணு!"

அவள் திடுக்கிட்டாள். ஆனால் திரும்பவில்லை. "கத்தாத மாமா. கால் பிஞ்சிரும். ஒரு நிமிசம் இரு" என்றாள்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மரம் போய்விடும், நடுரோட்டில் நிற்போம், பைத்தியக்காரி, உன்னால் எல்லாம் போச்சு என்று. அவள் அந்தப் பூச்சியை விடுவித்து, காலைத் துடைத்து, மரத்தில் விட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"நீதான சொன்ன, வயிறு பூரா முட்டைன்னு. நீ வர்றதுக்கு முன்னாடி தெனமும் நான் வர்றேன். அடுப்புப் பத்தவெக்கறப்ப, எங்கண்ணு முன்னாடி முப்பது புள்ளத்தாச்சி காலை ஆட்டினு கெடக்குது. ஒரு ராத்திரி பூராச் சாவாம கெடக்குது மாமா. றெக்கைகூட இல்லாம வவுத்தத் தூக்கினு நடந்து வந்தது. எம்பொண்ணு ஆறு மாசம். ஏற்கனவே ரெண்டு போயிருச்சு. நம்ம கையால இத்தினி உசுரப் போக்கிட்டு, மூணாவது மட்டும் தங்கணும்னு யார்கிட்ட போய் நான் கேப்பேன்?"

"மரம் போனா?"

"போவட்டும். வெயில்ல நின்னு இட்லி விக்கறேன்."

எனக்கு நம்பிக்கை கிடையாது என்று சொன்னேன் அல்லவா? ஆனாலும் டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். "தங்கம்மாள நான் தொரத்தினப்ப ஏன் வாயத் தெறக்கல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா நீ கேட்டிருப்பியா? அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல" என்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். புகையை ஊதிக்கொண்டே, சாம்பாருக்கு உப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். "றெக்கைதான் இல்லியே மாமா. புடிச்சினு போய் எங்க வுட்டாலும் அங்கயேதான இருக்கும்?"

ஒரு மாதமாக நான் யோசிக்காதது. அந்த எரிச்சலில் அரை மணி நேரம் அவளோடு பேசவில்லை. பிறகு கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டு வழித்துத் துடைத்தேன். டியூபின் மேல் விளிம்பை மட்டும் இறுகக் கட்டி, கீழ் விளிம்பைப் பாவாடை மாதிரி விரித்துவிட்டேன். ஏறி வருகிறவை உள்ளே போய், மேலே வழி இல்லாமல் அந்த மடிப்பிலேயே கூட்டமாக உட்கார்ந்துகொண்டன. அந்திக்கு ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை, ரேணுகா பாவாடையைத் தூக்கி ஒவ்வொன்றாக விரலில் ஏற்றி டிபன் கேரியரில் போடுவாள். நான் டி.வி.எஸ். வண்டியில் வைத்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோவேன். அங்கே யாரும் உட்காராத இடத்தில் நாலு புங்கமரம் நிற்கிறது. பிரசவத்துக்கு அங்கேதான் அட்மிஷன். இருபத்தெட்டு நாள் இப்படி நடந்தது. வழியில் பார்த்தவர்கள், காசிக்கு ஏரிக்கரையில் சின்ன வீடு, டிபன் போகிறது என்று பேசிக்கொண்டார்களாம்.

தங்கம்மாள் வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாததால் வாசலில் நின்று அவள் சைக்கிளுக்குக் காற்று குறைவாக இருப்பதாகச் சொன்னேன். "காத்து இருக்கட்டும், வாயத் தெறந்து தப்புன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். மறுநாள் அவள் சாக்கு பழைய இடத்துக்கு வந்தது.

ஆனால் அந்த மூன்று வார விபூதிப் பாதையில் எத்தனை ஏறியிருக்கும்? அது யாருக்கும் தெரியாது. மாசிக் கடைசியில் மரம் பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளிர்விட்டது. தளிரில் அங்கங்கே ஊசி குத்தினாற்போல் ஓட்டை. பங்குனி பிறந்ததும் ஓட்டைகள் பெரிதாயின. போன வருஷத்தைப் பார்த்தால் கம்மிதான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ராமதாஸ் சொன்னது பங்குக் கணக்கு இல்லையே, ஒரே ஒரு புழு. தினமும் காலையில் மூங்கில் கழியில் துணி சுற்றிக் கிளை கிளையாக நூலை வழித்து, புழுக்களைப் பையில் போட்டு ஏரிக்கரைக்கு அனுப்பினேன். கழுத்து வலியில் தலை ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. சினேகா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் குறித்த தேதிக்கு நாலு நாள் இருந்தது.

ராமதாஸ் ஒரு வியாழக்கிழமை எட்டரை மணிக்கு வந்தார். சொன்னபடியே ஸ்டூலை மரத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். மடியில் பைல், கையில் தட்டு.

"நாலு இட்லி வைம்மா. வடை பின்னாடி."

அவர் இட்லியைப் பார்த்துச் சாப்பிடவில்லை, மரத்தைப் பார்த்தே சாப்பிட்டார். நான் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோட்டம் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். சக்கரம் நின்றுபோனதுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு இட்லி முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவதை அவர் பிட்டபோது, அவர் தலைக்கு இரண்டு முழம் மேலே, வெயிலில் ஒரு நூல் மின்னியது.

காவடிப் புழு. பச்சையாக, விரல் கணு நீளத்துக்கு. நேராகத் தட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று கொஞ்சம் தள்ளும், போகிறது என்று நினைப்பேன், மறுபடி தட்டுக்கு நேராக வந்து நிற்கும். நான் சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டேன். ராமதாஸ் சட்னி போதாது என்று குனிந்து தட்டைப் பார்த்தார். ரேணுகா சட்னிப் பாத்திரத்தோடு அவர் பக்கத்தில் வந்தாள். ஊற்றுகிறவள் போலக் குனிந்து, வலது கையை அவர் தலைக்கு மேலே வீசி நூலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா?"

"கொசு சார்."

ஆனால் வலது கை மூடியாகிவிட்டது. சட்னியை ஊற்ற அவளுக்கு மிச்சம் இருந்தது இடது கை. சாப்பிடுகிறவருக்கு இடது கையால் பரிமாறுவதா? அவள் கரண்டியைத் தொடாமல் நின்றாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன்: நசுக்கு, நசுக்கிப் போட்டுவிட்டு ஊற்று! ஒரு விரலை அழுத்தினால் போதும், ஒரு வருடப் பாடு தீர்ந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். மாட்டேன் என்கிறாள். மூடின கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு, சாகத் துணிந்தவள் மாதிரி நின்றாள்.

"சட்னிம்மா" என்றார் ராமதாஸ், நிமிர்ந்து.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. இருபத்து மூன்று வருடத்தில் அந்த வண்டியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் யாருக்கும் ஊற்றியதில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பாத்திரத்தை அவளிடமிருந்து பிடுங்கிக் கரண்டியை விட்டேன். சட்னி தட்டில் பாதி, பைலில் பாதி விழுந்தது.

"யோவ், கை கழுவினியா? கிரீஸ் நாத்தம் அடிக்குது!"

"கழுவிட்டேன் சார். இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டா சார்? வடை? சாம்பார்?"

"நீ ஒன்னும் வெக்காத. போய்ப் பஞ்சர் ஒட்டு" என்று அவர் பைலைத் துடைத்தார். துடைத்த கையோடு பேனாவை எடுத்தார். மேலே ஒரு தடவை, சுற்றி ஒரு தடவை பார்த்தார். புழுத் தொல்லை காணப்படவில்லை, மரத்தை அகற்றத் தேவையில்லை என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி இட்லியை அதற்குப் பிறகுதான் தின்றார்.

அவர் பைக் திருப்பத்தில் மறைந்ததும் ரேணுகா கையை விரித்தாள். உள்ளங்கையில் புழு விறைத்துக் கிடந்தது. குச்சி மாதிரி, நேராக. அவள் ஊதினாள். அசையவில்லை. விரலால் தொட்டாள். அசையவில்லை.

"மாமா," என்றாள். அந்தக் குரலை நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் போளூர் ஆஸ்பத்திரி வராந்தாவில். "மாமா, நான் அழுத்தவே இல்ல. உள்ள எடம் வுட்டுதான் புடிச்சேன். சத்தியமா அழுத்தல."

நான் என் கையை அவள் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் அந்தப் புழுவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ஏந்திரு. ஏந்திரும்மா தாயே. எங்கள ஏமாத்தாத, ஏந்திரு." தங்கம்மாள் சாக்கிலிருந்து எழுந்து வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இல்லை. நான் வேண்டியது சினேகாவுக்காக.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. குச்சியின் ஒரு முனை மெல்ல மேலே எழும்பியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு முதுகைத் தூக்கிக் காவடி எடுத்து, அவள் உள்ளங்கையிலிருந்து என் கைக்கு நடந்து வந்தது.

ரேணுகா அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வண்டியில் இரண்டு பேர் இட்லி கேட்டுக் காத்திருந்தார்கள். தங்கம்மாள் கையைக் கழுவிக்கொண்டு அவர்களுக்குத் தட்டு வைத்தாள். நான் புழுவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் டி.வி.எஸ். வண்டியை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன்.